ஏழுமலை ரிப்போர்ட்டில் ஒரு ஸ்டார்

போன செவ்வாய்க்கிழமை காலை. செஞ்சி பஸ் ஸ்டாண்ட் வாசலில் என்னைப் பார்த்ததுமே ஸ்டார்ட் ஆகிவிடும் ஏழுமலையின் ஆட்டோ அன்று அசையவில்லை. பின்சீட்டில் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பிளட் ரிப்போர்ட்.

"இது இன்னான்னு பாத்துச் சொல்லுங்க சார்."

பார்த்தேன். எஸ்.ஜி.பி.டி. என்கிற கல்லீரல் என்சைம் 46. நார்மல், 40 வரை. பக்கத்தில் கொட்டையாக ஒரு ஸ்டார்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டு மாதம் முன்பு வரை நன்றாகக் குடித்தவர். ஒரு அமாவாசையன்று மேல்மலையனூர் போய், அங்காளம்மன் சந்நிதியில் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு, இனி தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். தொடவும் இல்லை. மனைவி சாந்தியும் நம்பினார்... இந்த ஸ்டார் வரும்வரை.

ஒரு கேம்ப்பில் இருவரும் ஒன்றாக டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். சாந்திக்கு 38. ஸ்டார் இல்லை.

"ஆத்தாளையே ஏமாத்திட்டியேன்னு சொல்லிட்டு, பையைத் தூக்கினு அவலூர்பேட்டைக்கு அவங்கம்மா வூட்டுக்குப் போயிட்டா சார். கயிறு மேல சத்தியமா நான் தொடல."

நான் என்ன செய்தேன் தெரியுமா? மெதுவாக மூச்சை இழுத்து, மோந்து பார்த்தேன்! பெட்ரோல் வாசனைதான் வந்தது. ஏழுமலை அதைக் கவனித்துவிட்டார். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பரிகாரமாக, எனக்குத் தெரிந்த ஒரு லேபுக்கு அவரை அழைத்துப் போனேன். அங்கே டெக்னீஷியனாக இருக்கும் பெண்மணி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இதை வெச்சு குடிச்சாரா இல்லையான்னு சொல்ல முடியாது சார். உடம்புல கொழுப்பு சேந்தாலும் ஏறும், சில மாத்திரைக்கும் ஏறும்."

"அப்போ இந்த நாற்பது?"

"நல்லா இருக்கிற நிறைய பேரோட ரத்தத்தை டெஸ்ட் பண்ணி, ரொம்ப மேல, ரொம்பக் கீழ வர்ற கொஞ்சப் பேரை விட்டுட்டு கோடு போடுவாங்க. விட்டுப்போனவங்களும் நல்லா இருந்தவங்கதான். மெஷினுக்கு மெஷின் கோடும் மாறும். எங்க லேப்ல ஆம்பளைக்கு அம்பது, பொம்பளைக்கு முப்பத்தஞ்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படிப்பட்ட ஒரு கோட்டை நம்பியா ஒரு குடும்பம் ரெண்டுபட்டது?

சாந்திக்கு நானே போன் செய்தேன். சேர்ந்து எடுத்த டெஸ்ட்டைச் சேர்ந்தே இன்னொரு முறை எடுங்கள் என்றேன். அரை மனதாக, மறுநாள் பஸ் பிடித்து வந்தார். புருஷனுக்கும் தனக்கும் நடுவே ஒரு நாற்காலி காலியாக விட்டு உட்கார்ந்தார். இருவரும் ரத்தம் கொடுத்தார்கள்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. ஏழுமலைக்கு 45 — ஸ்டார் இல்லை.

சாந்திக்கு 37. கொட்டையாக ஒரு ஸ்டார்.

சாந்தி அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். "டீயைத் தவிர நான் எதையும் குடிச்சதில்லீங்களே..."

"பயப்படாதம்மா. ரெண்டு பேருமே ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றார் டெக்னீஷியன்.

நம்பர் அவர்கள் ரத்தத்தில் இருந்தது. ஸ்டார் மட்டும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. மனிதர்களுக்கும் நாம் இப்படித்தானே ஸ்டார் போடுகிறோம்? ஒருமுறை குடித்தவன் என்றால், அவனுக்குப் போடும் கோடே தனி.

ஏழுமலை இப்போது பதிலுக்கு ஏதாவது குத்திக் காட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சாந்தியின் பையை எடுத்து ஆட்டோவில் வைத்தார்.

"ஏறு சாந்தி, டாக்டர்கிட்ட போலாம். நீ குடிக்கலைன்னு எனக்குத் தெரியும்."

சாந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நீங்களும் ஏறுங்க சார்" என்றார் ஏழுமலை. நான் நடந்தே வீட்டுக்குப் போனேன். மோந்து பார்த்தவனுக்கு அதுதான் நியாயம்.