என் முறையை வாங்கிக்கொண்டவள்

குழந்தைகளை முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற யோசனை முதலில் என் வாயிலிருந்துதான் வந்தது. இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. மங்கலத்தில் எங்கள் வீதியில் பனியன் கம்பெனிக்குப் போகும் அம்மாக்கள் ஆறு பேர். ஆளுக்கொரு நாள் லீவு போட்டு ஆறு வீட்டுப் பிள்ளைகளையும் பார்ப்பது. யாரும் யாருக்கும் காசு தருவதில்லை. தறி ஓடாமல் கிடந்த குடோனை ஊர்க்காரர் ஒருவர் சும்மா கொடுத்தார். கம்பெனி வேஸ்ட் துணியை அடைத்து நாங்களே மெத்தை தைத்தோம். பக்கத்து வீதியிலும் பார்த்துவிட்டு அதேபோல ஆரம்பித்தார்கள்.

ஷிப்மென்ட் போகிற வாரங்களில் சூப்பர்வைசர் எனக்கு லீவு தரமாட்டார். அப்போதெல்லாம் என் முறையை ஆறு பேரில் ஒருத்தியான, தேனிப் பக்கமிருந்து வந்த தேனிக்காரி வாங்கிக்கொண்டாள். "நீங்க போங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்பாள். நல்லவள்தான். அந்த நல்லதனம்தான் எனக்கு ஆகவில்லை. போகப்போக என் மகள் தேனிக்காரி ஊட்டினால்தான் சாப்பிட்டாள், தேனிக்காரி தட்டினால்தான் தூங்கினாள். சாயங்காலம் நான் கூப்பிடப் போனால் அந்தச் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பத்து மாதம் சுமந்தது நான், கொஞ்சல் எல்லாம் அவளுக்கா? எனக்கு வயிறு எரிந்தது.

மகளுக்கு முருகன் கோயிலில் காது குத்தினோம். அன்றைக்காவது பிள்ளை என்னோடு ஒட்டட்டும் என்று தேனிக்காரியைப் பந்தியில் பரிமாற அனுப்பிவிட்டேன். தாய்மாமனான என் தம்பி மடியில் உட்கார்ந்த மகள், ஒரு காது குத்தியதுமே வீறிட்டாள். மறு காதைத் தொட விடவில்லை. நான் கை நீட்டினேன், தட்டிவிட்டாள். "அத்தை வேணும்" என்று கத்தினாள். தேனிக்காரியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். சொந்த அத்தையான என் நாத்தனார் ஆசையாக முன்னால் வந்தார், அவரையும் உதைத்தாள்.

"அக்கா, அவிகளயே கூப்புடுங்க. ஆசாரி எத்தன நேரம் நிப்பாரு?" என்றான் தம்பி.

"ஏனுங்க, பெத்தவ நீங்களா அவிகளான்னே தெரியலீங்களே" என்று சொந்தக்காரம்மா ஒருவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பிறகு நானே பந்திக்குப் போய், "கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டேன்.

தேனிக்காரி கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் தோளில் முகம் வைத்தபடியே என் மகள் மறு காதைக் காட்டினாள். குத்தி முடிந்ததும் தேனிக்காரி பிள்ளையைத் தூக்கி என் பக்கம் நீட்டினாள்.

"அம்மாகிட்டப் போ தாயி" என்றாள்.

அவள் சொன்னதால் என் மகள் என்னிடம் வந்தாள்.