ஞாயிறு காலை ஆறு பத்து

என் கோடு போட்ட நோட்டில் ஒரே ஒரு வரி பொய். ‘ஞாயிறு காலை ஆறு பத்து. ஏழாயிரத்து எண்ணூறு கிலோஹெர்ட்ஸ். ஆண் குரல். எண்கள், தமிழில்.’ மற்றப் பக்கங்களில் இருப்பதெல்லாம் இந்தக் காதால் கேட்டவை. அந்த வரியை மட்டும் மச்சானுக்காக எழுதினேன்.

மச்சான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு மல்லிகைத் தோட்டம். விடியுமுன் நானும் அக்காவும் பூ எடுப்போம். மூட்டையை மொபெட்டில் வைத்துத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது அவர் வேலை. மோட்டார் அறை ஆணியில் ஒரு சிற்றலை ரேடியோ தொங்கும். ஒருநாள் பாட்டுத் தேடித் திருப்பியபோது, ஒரு பெண் ஆங்கிலத்தில் எண்களை ஐந்தைந்தாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிலையத்தின் பெயர் இல்லை, வணக்கம் இல்லை. ஏதோ ஒரு நாட்டு உளவுத்துறை எங்கோ இருக்கும் தன் ஒற்றனுக்கு அனுப்பும் சங்கேதச் செய்தி அது என்று, பிறகு வானொலி நேயர் மன்றம் ஒன்றின் மாத இதழில் படித்தேன். எனக்கு அதன் பொருள் வேண்டியிருக்கவில்லை. மறுநாளும் அதே நிமிடத்தில் வந்தாள், அது போதுமாக இருந்தது. இந்த நிலையங்களுக்குக் கேட்கிறவர்கள்தான் பெயர் வைப்பார்கள். பூக்காரி சத்தமாக எண்ணி அளப்பதைப்போல அவள் ஒவ்வொரு எண்ணையும் இழுத்தாள். ‘முழம் போடுறவ’ என்று பெயர் வைத்தேன்.

ஏழு வருஷம் நேரம், அலைவரிசை, குரல் எல்லாம் குறித்தேன். மாதாமாதம் நல்ல தாளில் படியெடுத்து, மன்றத்துக்குத் தபாலில் சேர்க்கச் சொல்லி மச்சானிடம் கொடுப்பேன். இதழ் வருவது நின்றுவிட்டதாக அவர் சொன்னதையும் நம்பினேன். ஒருநாள் மன்றத்திலிருந்து கேடயம் வந்தது. கூடவே வந்த இதழில் அவர் படம், கீழே என் குறிப்புகள் ஒரு புள்ளி மாறாமல். ‘முழம் போடுறவ’ என்ற பெயர் தனக்கு எப்படித் தோன்றியது என்று ஒரு பத்தியே எழுதியிருந்தார்.

போய்க் கேட்டேன். “பொம்பளை பேருல போட்டா எவன் நம்புவான்? ஒனக்கு என்ன தெரியும்பாங்க. நம்ம வீட்டுப் பேருதான புள்ள” என்று சிரித்தார். அக்கா கேடயத்தைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். தோட்டத்தில் என் பங்கைக் கேட்டிருந்தால்கூட எழுதிக் கொடுத்திருப்பேன். அந்தப் பெயர் நான் வைத்தது.

நான் சண்டை போடவில்லை. வழக்கம்போலவே படியெடுத்துக் கொடுத்தேன். அவர் ஒருநாளும் ரேடியோவில் கை வைத்தவரில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பொய் வரியை எழுதினேன். தமிழில் ஒற்றர் நிலையம்! யாரும் கேட்டதாக நான் படித்ததே இல்லை.

“நெசமாத்தானா புள்ள?” என்றார்.

“நோட்டுலதான் இருக்கே மச்சான்” என்றேன்.

இதழில் வந்ததும், எங்க ரேடியோல சிக்கலையே, நீங்க எப்படிப் பிடிச்சீங்க என்று மன்றத்தார் அவரை விடாமல் போனில் கூப்பிட்டார்கள். மச்சான் மனசு குளிர்ந்துபோய், நேரிலேயே வந்து கேளுங்கள் என்று அழைத்தும்விட்டார். ஒரு ஞாயிறு விடியலில் பதினெட்டுப் பேர் எங்கள் தோட்டத்து வரப்பில் நின்றார்கள். ஆறு பத்துக்கு ரேடியோவில் இரைச்சல். ஆறரைக்கும் இரைச்சல். “அலை சரியில்ல” என்றார் மச்சான். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மன்றத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், அமைதியாக, “நீங்க எத்தனை தடவை கேட்டீங்க?” என்றார்.

மச்சான் என் பக்கம் திரும்பினார். “புள்ள, நீதான கேட்ட? சொல்லு.”

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பூக்கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, “பொம்பளைக்கு என்ன தெரியும் மச்சான்?” என்றேன்.

கேடயத்தைச் செயலாளரே வாங்கிக்கொண்டு போனார். அக்கா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அது மட்டும் வலித்தது. மற்றபடி, செய்ததற்கு நான் வருந்தியதே இல்லை. பெரிய மனசு பண்ணி மறந்துவிடு என்றவர்கள் உண்டு. அவர்களுடைய எதையும் யாரும் அப்படித் திருடியதில்லை.

இப்போதும் நான்தான் பூ எடுக்கிறேன். முழம் போடுறவளும் வருகிறாள். மச்சானும் மூட்டை எடுக்க வருகிறார். மோட்டார் அறைத் திண்டில் நோட்டு திறந்தே இருக்கும், அந்தப் பொய் வரி உள்ள பக்கம் மேலாக. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டையைத் தூக்குவார். அவர் அதைப் பார்க்காமல் போவதைப் பார்க்கத்தான் தினமும் திறந்து வைக்கிறேன்.