அத்தை அடிக்கச் சொன்ன ஆணி

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படம் ஒன்று தொங்குகிறது. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கும்பல் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. தாத்தாவின் தோளில் யாருடையதோ ஒரு கை கிடக்கும். திவசத்துக்குத் திவசம் அந்தக் கைக்கும் சேர்த்துத்தான் மாலை போட்டுக் கும்பிட்டோம்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடு இருந்தாள். பாளையங்கோட்டையில் அரசு உத்தியோகம். அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வாரம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அதையெல்லாம் யார் சொல்வார்கள்? அத்தைக்கு உடம்பு சரியில்லை என்பதோடு எனக்குச் சங்கதி முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை அத்தை பட்டுச்சேலை கட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு டவுணுக்குப் பஸ் ஏறினாள். ரத வீதியில் ஒரு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தோம்.

“பாஸ்போர்ட் சைஸாக்கா?” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“இல்ல தம்பி, பெருசு. சுவத்துல மாட்டுத அளவு. மருந்து ஏத்துனா முடி கொட்டிருமாம், அதுக்கு முன்ன எடுத்துரணும். நல்லா சிரிச்சாப்புல இருக்கட்டும்.”

அவருக்குப் புரிந்துவிட்டது. விளக்கை நகர்த்துகிற சாக்கில் வெகுநேரம் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. எனக்கும் புரிந்துதான் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு பெண்ணைப் பட்டுக் கட்டி ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனால், அது மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்பத்தான். சித்திக்கு அப்படித்தான் நடந்தது.

படம் வந்த அன்று, எங்கள் அத்தைக்குக் கல்யாணம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சாயந்தரம் எதிர்வீட்டு அக்கா மல்லிகைப் பூவோடு வந்து நின்றாள். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அத்தையோ இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

“ஆமாட்டி, கல்யாணந்தான்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

அப்பா வந்ததும் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். “வைத்தியம் பாத்தா சரியாயிரும்னு சொல்லுதாங்கல்லா. அதுக்குள்ள இது என்னக்கா?”

“வைத்தியமும் பாப்பேன்லே, ஒரு ஊசி விடமாட்டேன். அதுக்காவ அப்பாவுக்குச் செஞ்ச மாதிரி என்னையும் கும்பல்ல இருந்து வெட்டியா எடுப்பே? ஆணிய மட்டும் இப்பமே அடிச்சு வையி. அன்னைக்கு உனக்குக் கை ஓடாது.”

அப்பா போய்ச் சுத்தியலை எடுத்துவந்தார்.

“எங்கன அடிக்க?”

“அப்பா படத்துக்கு இந்தப் பக்கம். பைய அடிலே, சுவத்துக் காரை பேந்துரும்.”

அந்த ஆணியில் வெகுகாலம் காலண்டர்தான் தொங்கியது. அடுத்த வருஷக் காலண்டரையும் அதற்கடுத்ததையும் அத்தையே தன் கையால் மாட்டினாள். அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு ஆணி பாதி இறங்கியபோது சுத்தியல் அப்பாவின் விரலில் பட்டுவிட்டது. அவர் சுவரைப் பார்த்தபடியே தேம்பித் தேம்பி அழுதார். அத்தை எழுந்துபோய் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். இவ்வளவு பெரிய ஆள் ஒரு விரலுக்காகவா இப்படி அழுவார் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விரலில் தடவத் தேங்காய் எண்ணெய் எடுத்துவர அடுப்படிக்கு ஓடினேன்.