எட்டு றாத்தல் தங்கூசி

குவைத்திலிருந்து திரும்பும் பெண்கள் டீவி கொண்டு வருவார்கள், புலிப்படம் போட்ட போர்வை கொண்டு வருவார்கள். அழகம்மா ஒரு கம்பு கொண்டு வந்தாள். பத்தடி நீளம், மூன்று துண்டாகக் கழற்றலாம், நுனி ஈர்க்குச்சிக் கனம். கூடவே நூல் இல்லாத ஒரு ரீல். ருவான்வெல்லைக்கு மேலே இருந்த அந்த றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான கீழ் லயமே வாசலுக்கு வந்து பார்த்தது.

"மூணு வருசம் ஒழச்சதுக்கு மாடு மேய்க்கிற கம்பா குடுத்தாங்க?"

"மீன் பிடிக்கிறதுங்க. கடல்ல."

"எந்தக் கடல்ல? நம்ம பீலித்தண்ணி விழுற கரையிலயா?"

அழகம்மா கம்பை மூன்றாகக் கழற்றி உள்ளே கொண்டுபோனாள். குவைத்தில் வெள்ளிக்கிழமை தோறும் அவள் வேலை செய்த வீட்டு முதலாளி அவளையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவார். அவர் தூண்டில் வீசுவார், தங்கூசி என்கிற நைலான் நூல் சிக்கும், சிக்கியதை அழகம்மாவிடம் நீட்டுவார். பிரிப்பது அவள் வேலை, வீசுவது அவர் வேலை. ஒருநாள், நானும் ஒரு தடவை வீசட்டுமா என்று கையால் சாடை காட்டிக் கேட்டாள். பாயில் இருந்த குழந்தை வரை எல்லோரும் சிரித்தார்கள். ஊருக்குக் கிளம்பும்போது பழைய கம்பை அவளுக்கே கொடுத்துவிட்டார். ஒரே ஒரு தடவை, தன் கையால், நிஜக் கடலில் வீச வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அது 2002 மாசி. றப்பர் மரங்கள் இலை உதிர்த்துப் பால் வற்றிக் கிடந்ததால், கோயில் கமிட்டி கதிர்காமத்துக்கு பஸ் பேசியிருந்தது. திரும்பும் வழியில் அம்பாந்தோட்டைக் கடல். கமிட்டித் தலைவர் செல்லையாவிடம் போய் அங்கே ஒரு மணி நேரம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள்.

"சாமி கும்புடப் போறோமா, கருவாடு போடப் போறோமா?" என்றார் செல்லையா. கூட்டம் சிரித்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சரி. மைதானத்துக் கோல் கம்பத்துல நின்னு வீசு. நுனியில கட்டுற ஈயக்குண்டு நடுக்கோட்டத் தாண்டி விழுந்தா பஸ் நிக்கும். ஆனா மீன் ஏறக் கூடாது. பிரசாதம் வர்ற பஸ்ஸு."

நடுக்கோடு ஐம்பத்திரண்டு அடிவைப்பு. அழகம்மாவின் அண்ணன் பழனியாண்டி இரண்டு முறை நடந்து பார்த்து கலண்டர் தாளில் எழுதிக்கொண்டான்.

பஜாரில் முக்தார் நானாவின் கடையில் தங்கூசி இருந்தது. மேசன்மார் சுவரின் நேர் பார்க்க வாங்குவார்கள்.

"கடலுக்கா தங்கச்சி? அப்ப எம்பது றாத்தல் இழுவை தாங்குறதுதான். சுறா வந்தாலும் அறாது."

"சுறா வந்தா நான்தான் கடலுக்குள்ள போவேன் நானா."

இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்டு அதையே வாங்கினாள். முதல் ஞாயிறு மைதானத்தில் பாதித் தோட்டம் கூடியது. எண்பது றாத்தல் தங்கூசி ரீலில் சரியாக அடங்காமல் ஸ்பிரிங் மாதிரித் துள்ளியது. வீசினாள். குண்டு பதினேழாவது அடிவைப்பில் பொத்தென்று விழுந்தது.

"மீன் கடிச்சிருச்சா அழகம்மா?" என்று ஒருத்தி கத்தினாள்.

அழகம்மா றப்பர் பால்வெட்டுக்காரி, அவளுக்குக் கனம் தெரியாமல் போகுமா? பட்டையைத் தடிப்பாகச் சீவினால் மரம் கெடும் என்று தெரிந்த கை அது. இந்த மெல்லிய கம்புக்கு மெல்லியதுதான் ஓடும் என்று எட்டு றாத்தல் வாங்கினாள். ரீல் நிறையச் சுற்றினாள். இரண்டாம் ஞாயிறு வீசினபோது, வீச்சின் பாதியிலேயே 'டிக்' என்று தங்கூசி அறுந்தது. குண்டு தனியாகப் பறந்துபோய்க் கோயில் கூரைத் தகரத்தில் டங்கென்று விழுந்தது. செல்லையா பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகுதான் என்ன சத்தம் என்று விளங்கியது.

"இனி ஒரு ஞாயித்துக்கெழமதான். அதுக்கு மேல கோயில் தாங்காது."

தடித்தது ஓடவில்லை, மெல்லியது தாங்கவில்லை. தன் லயத்துக் காம்பராவில் இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு இருந்தபோதுதான் அழகம்மாவுக்கு ஒன்று நினைவு வந்தது. குவைத்துக்காரரின் தங்கூசியில் நுனிப்பக்கம் மட்டும் தடிப்பாக இருக்கும். மிச்சம் மீதியை ஒட்டுப் போட்டிருக்கிறான் கஞ்சன் என்றுதான் மூன்று வருடமும் நினைத்திருந்தாள்.

"அண்ணே! வீசுற வெசைய தாங்குறதுக்குத்தான் அந்தத் தடிப்பு! பொறகால ஓடுறது மெல்லிசு!"

எண்பது எட்டோடு சேரவில்லை. முக்தாரிடம் முப்பது றாத்தல் வாங்கினாள். கம்பின் நீளத்துக்கு இரண்டு மடங்கு, அதோடு ரீலில் ஆறு சுற்றுக்கும் என்று பழனியாண்டி அளந்து வெட்டினான். இரண்டையும் இணைக்க முதலில் தாலி முடிச்சுப் போட்டாள். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"தாலி முடிச்சு நிக்காதுன்னு எனக்கு முன்னமே தெரியும்" என்றாள். அவள் வெளிநாட்டில் இருந்தபோது கொழும்புக்கு வேறொருத்தியோடு போன புருஷன் இன்னும் திரும்பவில்லை.

குவைத்தில் எத்தனையோ சிக்கைப் பிரித்தவள், பிரிக்க முடியாமல் தோற்றது ஒரே ஒரு முடிச்சிடம். அதுவும் அந்த ஒட்டில்தான் இருந்தது. அதையே நினைத்துப் பார்த்து, மெல்லியதைத் தடித்ததின் மேல் ஏழு சுற்று சுற்றி, திருப்பிக் கோர்த்து, எச்சில் தொட்டு இழுத்தாள். பழனியாண்டி ஒரு முனையையும் அவள் மறுமுனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். முடிச்சு அசையவில்லை.

மூன்றாம் ஞாயிறு குண்டு விழுந்த இடம் எழுபத்தொரு அடிவைப்பு. பழனியாண்டி மூன்று தடவை நடந்தான். கலண்டர் தாளில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டான்.

அம்பாந்தோட்டையில் பஸ் நின்றது. கரையில் ஒருவரிடம் இரையும் கொக்கியும் வாங்கி, அழகம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் முழங்கால் வரை இறங்கினாள். வீசினாள். தங்கூசி விர்ரென்று ஓடியது, அலை உடையும் இடத்தையும் தாண்டி. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, பஸ்ஸில் தூங்கியவர்களும் இறங்கி வந்தார்கள். நாலாவது வீச்சில் கம்பு வளைந்தது. உள்ளங்கை நீளப் பாரைமீன் குட்டி ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். செல்லையா மீனைப் பார்த்தார்.

"பெருமாளும் ஒரு தடவ மீனாத்தானே வந்தாரு? கடேசி சீட்டுக்கு அடியில வையி" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "குடு பாப்பம் அந்தக் கம்ப."

வீசினார். தங்கூசி காற்றில் எழும்பி, அவர் காதிலும் கம்பிலும் விபூதிப் பையிலும் சுற்றிக்கொண்டு நின்றது. செல்லையா மொத்தச் சிக்கையும் அள்ளி அழகம்மாவிடம் நீட்டினார்.

"இதக் கொஞ்சம் பிரிச்சுக் குடு. ஒனக்குத்தான் பழக்கமாச்சே."

அழகம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அந்த வேலைய குவைத்துலயே விட்டுட்டேன் தலைவரே. நீங்களே பிரிங்க. பஸ்ஸுல நேரம் இருக்கு."

பஸ் எம்பிலிப்பிட்டியவில் போகும்போது ஆளுக்கொரு யோசனை செல்லையாவுக்குச் சொன்னார்கள். இரத்தினபுரியில் தேநீர் குடிக்கக்கூட அவர் இறங்கவில்லை. ஊர் நெருங்கி அவிசாவளையைத் தாண்டும்போது சிக்கில் முக்கால்வாசி பிரிந்திருந்தது.