குளியல் தொட்டியில் ஆண் செடி

"வலிக்காது, வலிக்காது. இன்னும் ஒரு விரக்கடை, அவ்வளவுதான்" என்று ஓர்வில் டகெட் செடியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காலை ஏழு மணி. ஈரப் புல்லில் ஒரு முழங்காலை ஊன்றி, இடது கையால் தண்டின் அடியைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் நுனியைத் தரைப் பக்கம் சாய்த்தார். வேலிக்கு இந்தப் பக்கம், சமையலறை ஜன்னலில் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்த நெல்டா பிகட் பல்லைக் கடித்தாள். "உடையப்போகுது" என்றாள், கேட்க ஆளில்லாத வீட்டில். உடைந்தது. பச்சை வெண்டைக்காயை ஒடிக்கிற சத்தம். ஓர்வில் சட்டைப் பையிலிருந்து வெள்ளி நிற ஒட்டுநாடாவை எடுத்து உடைந்த இடத்தில் சுற்றிவிட்டு, "மன்னிச்சுக்க" என்று செடியைத் தட்டிக் கொடுத்தார்.

அவருக்கு எழுபத்தொரு வயது. முப்பத்து நான்கு வருஷம் மரக்கட்டை லாரி ஓட்டியவர். மலையிலிருந்து இறங்கும் வளைவுகளில் அவர் சங்கிலி போட்டு இறுக்கிய பாரம் ஒரு தடவைகூடச் சரிந்ததில்லை என்று ஹம்போல்ட் மாவட்டம் முழுக்கப் பேர். அந்தக் கைகள்தான் இப்போது கஞ்சாச் செடிகளைக் கட்டுகின்றன. சட்டப்படி வீட்டுக்கு ஆறு செடி வைத்துக்கொள்ளலாம், தெருவிலிருந்து கண்ணில் படக் கூடாது. வேலியின் உயரம் ஆறடி. செடியை அதன் போக்கில் விட்டால் பத்தடி போகும். ஆகவே அவர்கள் குடியிருக்கும் ஆல்டர் சந்தில் எல்லோரும் வளைத்துத்தான் வளர்க்கிறார்கள். நுனியைக் கிள்ளி, நடுத்தண்டைச் சாய்த்து, கிளைகளை நாலாபக்கமும் விரித்து முளைக்குச்சிகளில் கட்டிவிட்டால், ஒவ்வொரு கிளையும் தானே நடுத்தண்டு என்று நினைத்துக்கொண்டு நிமிரும். மற்றவர்கள் இதற்குக் கடையில் விற்கும் ரப்பர் உறை போட்ட கம்பியை வாங்குவார்கள். ஓர்வில் தன் மனைவியின் நைலான் காலுறைகளைக் கத்தரித்துக் கட்டுகிறார்.

ட்ரூடி வங்கி கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் நின்றவள். தினம் ஒரு காலுறை. அவள் கண்மூடி இரண்டு குளிர்காலம் ஆகிறது. உடுப்புகளையெல்லாம் ஓர்வில் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டார், அந்த ஒரு இழுப்பறையைத் தவிர. "இது இழுபடும், அறுக்காது. செடி பருத்தா கூடவே பருக்கும்" என்பார். சொல்வது சரிதான், மறுக்க முடியாது. ஆனால் அந்த முப்பது நாற்பது சதை நிறத் துண்டுகள் காலைக் காற்றில் ஆடுவதைப் பார்க்கும்போது நெல்டா ஜன்னலை விட்டு நகர்ந்துவிடுவாள். பாதிக் காலுறைகள் அவளும் ட்ரூடியும் சேர்ந்து போய் வாங்கியவை. எரிச்சல் என்று அவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

எரிச்சலுக்கு வேறு காரணங்களும் உண்டு. பேஸ்பால் வர்ணனையைச் செடிகளும் கேட்கட்டும் என்று ரேடியோவைத் தோட்டத்தில் வைத்து அலறவிடுவார். நெல்டாவின் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு போனால் பிசின் ஒட்டிப் பிரிக்க முடியாத பதத்தில் திருப்பித் தருவார். "அரை மணியில வந்துடறேன்" என்றால் மறுநாள். காப்பி வாசனை வந்தால் மட்டும் நொடியில் வேலிக்கு மேல் தலை தெரியும். "சும்மா எட்டிப் பாத்தேன்." நெல்டா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைத்தவளுக்கு இந்த ஒரு மனிதரை அடக்கத் தெரியவில்லை.

இந்த வருஷம் விவகாரம் விதையில் தொடங்கியது. ட்ரூடி ஒரு ரகம் வைத்திருந்தாள். கசக்கினால் ஆரஞ்சுத் தோலும், அப்போதுதான் சீவிய பென்சிலும் சேர்ந்தாற்போல் வாசனை வரும். ஆகஸ்டு தோறும் ஒரே ஒரு கிளையில் மகரந்தம் தடவி அடுத்த வருஷ விதையை எடுத்துக்கொள்வாள். அவள் போனபின் யாரும் எடுக்கவில்லை. உறைபெட்டியில் பட்டாணிப் பொட்டலத்துக்குக் கீழே, மாத்திரைக் குப்பியில் பதினொரு விதைகள் பழசாகிக் கிடந்தன. ஏப்ரலில் ஓர்வில் பதினொன்றையும் ஊன்றினார். இரண்டு முளைத்தன. ஒன்று பெண். ஜூலை கடைசியில், இன்னொன்றின் கணுக்களில் குட்டிக் குட்டிப் பந்துகள் கொத்தாகத் தொங்கின. ஆண்.

ஆல்டர் சந்தில் நாய் கடிக்கலாம், கடன் திரும்பாமல் போகலாம், ஆண் செடி மட்டும் ஒரு நாள் நிற்கக் கூடாது. அந்தப் பந்துகள் வெடித்தால் மஞ்சள் தூள் காற்றில் ஏறித் தெரு முழுக்க இறங்கும். எல்லார் வீட்டுப் பூவும் பூவாக இருப்பதை நிறுத்திவிட்டு விதை பிடிக்கும். ஒரு வருஷ வேலை குப்பை. நெல்டா தன் விரல் முட்டி வலிக்குக் களிம்பு காய்ச்சுவதே அந்தப் பூவிலிருந்துதான்.

"ஓர்வில், கொட்டகைக்குப் பின்னாடி ரெயின்கோட் போட்டுக்கிட்டு யாரு நிக்கிறா?"

"யாரும் இல்லையே."

"ஆகஸ்டு மாசம், ஒரு சொட்டு மழை இல்ல. உன் ரெயின்கோட்டுக்குத் தொப்பி வேற எதுக்குய்யா?"

ஓர்வில் தொப்பியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "இன்னும் சரியாத் தெரியல நெல்டா. ஆணா பொண்ணான்னு."

"நான் பஸ் ஓட்டினவ, குருடி இல்ல. இங்கேருந்தே கொத்துக் கொத்தாத் தெரியுது. வெட்டு."

"காத்து உன் பக்கம் அடிக்காதும்மா."

மணி மூன்று. தினமும் இதே நேரத்துக்கு ஆற்றுப் பக்கமிருந்து எழும் காற்று அன்றும் எழுந்தது. ஆண் செடியின் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, வேலியைத் தாண்டி, நெல்டாவின் செடி மேல் உட்கார வைத்தது. நெல்டா அதை இரண்டு விரலால் எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"வெட்டினா ட்ரூடி செடி அத்தோட போச்சு" என்றார் ஓர்வில், தொப்பியைத் தடவிக்கொண்டே. "பொண்ணு ஒண்ணு இருக்கா, இவன் ஒருத்தன் இருக்கான். வேற விதை கெடையாது."

நெல்டா வெகுநேரம் வேலியின் ஆணி ஒன்றை நகத்தால் சுரண்டினாள். "எத்தன நாள்?"

"பத்தே நாள். ஒரே ஒரு கிளையில தடவிட்டு நானே வெட்டிர்றேன்."

"வீட்டுக்குள்ள வெச்சுக்க. ஒரு துளி தூள் வெளிய வந்துச்சு, உன்னையும் சேத்து வெட்டுவேன்."

அன்றே அவர் ஆண் செடியை வேரோடு தோண்டி வாளியில் நட்டு, குளியல் தொட்டியில் நிறுத்தி, ஜன்னல் இடுக்குகளை வெள்ளி நாடாவால் அடைத்தார். குளியல் இல்லாத வீடாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு அரைக்கால் சட்டையோடு தோட்டத்துக் குழாயடியில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தார். நெல்டா வாழ்நாளில் முதல்முறையாகச் சமையலறை ஜன்னலுக்குத் திரை வாங்கினாள்.

ஒன்பதாம் நாள் வேலை முடிந்தது. ட்ரூடி கன்னத்துக்குப் பூச்சுத் தடவும் தூரிகையால், ட்ரூடியின் பெண் செடியில் தாழ்ந்த கிளை ஒன்றுக்கு மட்டும் மகரந்தம் தடவி, தூள் பறக்காமல் காகிதப் பை மாட்டி, காலுறைத் துண்டால் வாயைக் கட்டினார். நெல்டா வேலிக்கு மேலிருந்து மேற்பார்வை செய்தாள். "அந்தப் பையை நான் சொல்ற வரைக்கும் அவுக்கக் கூடாது."

"சரி, அம்மா தாயே."

"நான் சொல்ற வரைக்கும்."

"சரின்னேனே."

குளியலறையை ஒழுங்கு செய்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் நேரே நெல்டாவின் தோட்டத்துக்கு வந்தார். அவள் தன் பெரிய செடியின் கிளை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். "இரு, இரு, இப்பிடி இல்ல. பாரம் சாயுது பாரு" என்று செடியின் நடுவயிற்றுக்குள் தோள்வரை கையை நுழைத்தார். நெல்டா திரும்பிப் பார்த்தாள். அவருடைய கட்டம் போட்ட சட்டையின் தோளிலும் காலரிலும் புருவத்திலும் பொன்னாக மின்னியது மஞ்சள் தூள். உடுப்பை மாற்ற மறந்திருந்தார்.

"அசையாதே!" பேருந்துக் குரல். சந்தில் இரண்டு நாய்கள் உட்கார்ந்தன. நனைந்த மகரந்தம் செத்த மகரந்தம் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். நெல்டா குழாயை முழுதாகத் திருகிச் செடி மேலும் ஓர்வில் மேலும் சேர்த்துத் தண்ணீரைப் பீய்ச்சினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கைகளைத் தூக்கிக்கொண்டு, சொன்னபடி நின்றார். தண்ணீர் நின்றதும் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். கஞ்சியாக ஒழுகியது.

"அடுத்த வருஷத்துக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சிருந்தேன்."

"அதை ஏன்யா பையில வெச்சுக்கிட்டு என் தோட்டத்துக்கு வர்ற?" என்று கத்தினாள் நெல்டா. மறுபடியும் குழாயைத் திறந்து, நனைந்தவரையே இன்னொரு தரம் நனைத்தாள். அன்று சாயங்காலம் ஓர்வில் ஆண் செடியை வெட்டிப் பீப்பாயில் போட்டு எரித்தார். இனி மிச்சம் பைக்குள் இருந்த அந்தக் கிளை மட்டும்தான்.

செப்டம்பர் நடுவில், வரக் கூடாத நேரத்தில், மழை வந்தது. நான்கு நாள். நெல்டா தன் செடிகளுக்குத் தார்ப்பாய் கட்டுவதிலும் உலுக்கித் தண்ணீர் வடிப்பதிலும் ஓடிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் வெயில் அடித்தபோது வேலிக்கு மேல் தலை தெரிந்தது.

"இப்ப அவுக்கலாமா?"

நெல்டாவின் கையிலிருந்த தார்ப்பாய்க் கயிறு நழுவியது. இரண்டு மூன்று நாளில் கழற்றியிருக்க வேண்டிய பை. கழற்றச் சொல்ல அவள்தான் மறந்திருந்தாள். வேலியைச் சுற்றி ஓடினாள். பை ஊறித் தொங்கியது. உள்ளே பூக்கதிர் முழுவதும் சாம்பல் பூசணம். தொட்டதும் ஈரக் கம்பளி போல் கையோடு வந்தது. விதைகள் வெளிறி, முற்றாமல், அமுக்கினால் நீராகப் போயின.

"நான் சொன்னா? நான் சொன்னா கெணத்துல குதிப்பியா?" என்று தொடங்கினாள். "நாலு நாள் மழைய்யா! முப்பது வருஷமா செடி வளக்கிற ஆளு! ஒரு பையை அவுக்க உனக்கு உத்தரவு வேணுமா? தலைக்குள்ள என்னதான் வெச்சிருக்க?" வெகுநேரம் திட்டினாள். நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று பயந்தவள்போலத் திட்டினாள்.

ஓர்வில் கேட்டுக்கொண்டே நின்றார். "நீ சொல்லல. அதான்" என்றார். பிறகு பையின் வாயைக் கட்டியிருந்த காலுறைத் துண்டை மட்டும் முடிச்சு அவிழ்த்து, நீவி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரேடியோ அன்றிலிருந்து பாடவில்லை. காப்பி வாசனைக்கும் தலை தெரியவில்லை. எரிச்சல்பட எதுவும் இல்லாத காலைகள் நெல்டாவை இன்னும் எரிச்சல்படுத்தின.

அக்டோபரில் அவள் அறுவடை. சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்து, இலை களைந்து, பூ திருத்திக்கொண்டிருந்தாள். ஐந்து செடிகள் சுத்தம். ஆறாவது, ஓர்வில் தோள்வரை கையை விட்ட பெரிய செடி. கத்தரிக்கோலில் ஏதோ நறநறவென்று இடறியது. விதை. குழாய்த் தண்ணீர் எட்டாத உள்கிளை. "சனியன் பிடிச்ச மனுஷன்" என்று அதைக் குப்பைக் கூடையில் சுண்டினாள். இன்னொன்று. "என்னைக்காவது சொன்னதைக் கேட்டிருக்கானா?" சுண்டினாள். மூன்றாவது விதை உள்ளங்கையில் விழுந்தது. முற்றிக் கறுத்து, புலித்தோல் போல் வரி ஓடியிருந்தது. மாத்திரைக் குப்பியில் பார்த்த அதே வரி.

தாய் நெல்டாவின் செடி. தகப்பன் ட்ரூடியுடையவன். நெல்டா தரையில் உட்கார்ந்து, குப்பைக் கூடையைச் செய்தித்தாளில் கவிழ்த்து, காப்பித்தூள் சக்கைக்குள் விரலை விட்டுத் தேடினாள்.

பிறகு வேலியருகே போய்க் கத்தினாள். "ஓர்வில்! இங்க வாய்யா. அரை மணியில இல்ல, இப்ப!"

அவர் வந்தார். அவளுடைய படலைத் திறக்கவில்லை. படலுக்கு வெளியே இருந்த குழாயைத் திருகி, இரண்டு கைகளையும் முழங்கைவரை காட்டினார். தோள்களை நனைத்தார். குனிந்து காலரையும் புருவத்தையும் நனைத்தார். ஆண் செடி சாம்பலாகி இரண்டு மாதம் ஆகிவிட்டது; கழுவ ஒரு பொட்டுத் தூள் கிடையாது. குளிர்காற்று வேறு. சொட்டச் சொட்ட, உள்ளங்கைகள் இரண்டையும் சோதனைக்குக் காட்டுவதுபோல் நீட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"அய்யோ, விதை நனையும்ய்யா!" என்றாள் நெல்டா, மூடிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு. "கையைத் துடை மொதல்ல!"

ஓர்வில் அவளுடைய மூடிய கையைப் பார்த்தபடி அப்படியே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் காலுறைத் துண்டை எடுத்து, ஒவ்வொரு விரலாக, இடுக்கு இடுக்காகத் துடைக்கத் தொடங்கினார்.