தாடை வைக்கும் துண்டு

உடும்பக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தது பிராணிகள் மருத்துவமனை. பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை. ஊசிக்கு நாய் திமிறினாலும், கூடைக்குள் இருந்து பூனை சீறினாலும் டாக்டர் ஒரு குரல் கொடுப்பார். அவள் வந்து கழுத்தில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை போட்டு மேசையோடு சேர்த்து அழுத்துவாள். அப்புறம் அந்த ஜீவன் மூச்சு விடலாம், வேறொன்றும் செய்ய முடியாது. உடும்புப்பிடி. "கல்யாணத்தன்னைக்குப் பிடிச்ச கை, இன்னும் விடல" என்று அவள் புருஷன் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

வேலையில் அவளுக்குப் பெருமைதான். பிடிக்காவிட்டால் ஊசி இல்லை, ஊசி இல்லாவிட்டால் உயிர் இல்லை, இதில் பாவம் பார்க்க என்ன இருக்கிறது என்பாள். ஆனால் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே, வெளியே காத்திருக்கும் நாய்கள் பெஞ்சுக்கு அடியில் புகுந்து மூத்திரம் போய்விடும். அதைத் துடைப்பதும் அவள்தான். அந்த விஷயத்தை மட்டும் அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

ஒருநாள் நாய் பூனைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி தன் நாயோடு தடுப்பூசிக்கு வந்தாள். கைகளைத் தயாராக வைத்துக்கொண்டு கிட்டே போன உடும்பக்காவிடம், "நீங்க பிடிக்க வேண்டாம்க்கா, சும்மா நில்லுங்க" என்றாள். சின்ன முக்காலி ஒன்றை வைத்து, அதன் மேல் ஒரு நீலத் துண்டை மடித்துப் போட்டாள். நாய் நடந்து வந்து துண்டின் மேல் தாடையை வைத்தது. டாக்டர் ஊசியைப் போட்டார். வேலை முடிந்தது.

"தாடையை வெச்சா சரின்னு அர்த்தம். தூக்குனா வேண்டாம்னு அர்த்தம். தூக்குனதும் நாம நிறுத்திடணும்."

"தூக்கிக்கிட்டே இருந்தா?"

"காத்திருப்போம்."

"நாள் பூராவா?"

"நாள் பூரா."

வேலையத்த பொண்ணு என்று உடும்பக்கா மனசுக்குள் திட்டினாள். ஆனால் அன்று அந்த இடத்தில் துடைக்க ஒன்றும் இல்லை. அது அவளை என்னவோ செய்தது. அடுத்த மாதமே மருத்துவமனையை விட்டுவிட்டு அந்தப் பெண்ணிடம் வேலைக்குச் சேர்ந்தாள். தன் வயதில் பாதிகூட இல்லாதவளை 'டீச்சர்' என்று கூப்பிட அவளுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

டீச்சர் வீட்டுக் கூடம்தான் பள்ளிக்கூடம். தரையில் ரப்பர் விரிப்பு, இடுப்பில் வேகவைத்த கோழிக்கறிப் பை, கையில் அழுத்தினால் டக்கென்று சத்தம் போடும் கிளிக்கர். சொன்னதைச் செய்தால் டக், உடனே ஒரு வாய் கறி. செய்யாவிட்டால் அடியும் இல்லை, அதட்டலும் இல்லை. உடும்பக்காவின் கை தன்னால் எழுந்து பிடரிக்குப் போகும். "கை பாக்கெட்டுக்குள்ள, அக்கா" என்று டீச்சர் நினைவுபடுத்துவாள். யார் கை பட்டாலும் பிறாண்டும் ஒரு பூனை தானாகவே கூடைக்குள் நடந்துபோய் உட்கார்ந்த அன்று, உடும்பக்கா வெட்கமில்லாமல் அழுதாள்.

டீச்சரின் நாய்க்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அவள்தான். உட்கார்ந்த இடத்தில் கறி கிடைக்கிறதே, வேறென்ன சொல்வது! "மாப்பிள்ளை சாப்பிட்டாரா, மாப்பிள்ளை தூங்கினாரா" என்று மரியாதையாகத்தான் விசாரிப்பாள். புதிதாக வருகிறவர்களுக்குத் துண்டு வித்தையைச் செய்து காட்டுவது மாப்பிள்ளையின் உத்தியோகம். அது வேண்டாம் என்று தலையைத் தூக்கி, யாரும் அதை மீறியதாகச் சரித்திரமே இல்லை.

அப்படிப்பட்ட மாப்பிள்ளைக்கு முன்னங்கால் எலும்பில் புற்றுநோய் வந்தது. கண்டுபிடிப்பதற்குள் நுரையீரலுக்கும் போய்விட்டது. வலி மாத்திரை ஒரு கட்டத்துக்கு மேல் கேட்கவில்லை. வலி தெரியாமல் ஊசி போட்டு அனுப்பி வைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். டீச்சரும் சரி என்றாள்.

உடும்பக்காவின் பழைய டாக்டரே வீட்டுக்கு வந்தார். முக்காலியைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து, துண்டை விரித்தார்கள். மாப்பிள்ளை தாடையை வைத்தது. ஊசி தோலைத் தொட்டதும் தூக்கிவிட்டது. நிறுத்தினார்கள். மறுபடி வைத்தது, மறுபடி தூக்கியது. டக் சத்தம் கேட்டது, கறி நீட்டப்பட்டது, அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டை நிறுத்தி நாளாகியிருந்ததால், கறிக்குள் மயக்க மாத்திரை வைக்கவும் வழியில்லை.

"உடும்பு, நீ இங்கதானே இருக்க? பிடி" என்றார் டாக்டர்.

"தொடாதீங்க" என்றாள் டீச்சர்.

டாக்டர் பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததைச் சித்திரவதை என்றுதான் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை புரண்டு படுத்தால் கத்தியது, கத்தினால் இருமியது. படுத்த இடத்திலேயே ஈரமாக்கிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது சரி சொல்லும் என்று டீச்சர் காத்திருந்தாள். எத்தனையோ நாய்களைக் காப்பாற்றிய பொறுமைதான். இப்போது அதைப் பார்க்கவே உடும்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாப்பிள்ளை வேண்டாம்ங்கறது ஊசியை, டீச்சர். சாவுன்னா என்னன்னு அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஒரு தடவை பிடிச்சிட்டா, இத்தனை வருஷமா நான் அவன்கிட்ட சொன்னது பொய்க்கா."

"பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும். வலி நெஜமா இருக்கே!"

டீச்சர் துண்டை மாப்பிள்ளைக்கு இன்னும் கிட்டே நகர்த்தி வைத்தாள். மறுநாள் காலையில் மாப்பிள்ளை எழுந்திருக்கப் பார்த்துக் கீழே விழுந்தது. அது போட்ட அலறலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. டீச்சர் எழுந்தாள். உடும்பக்காவின் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அதுதான் அனுமதி என்று உடும்பக்காவுக்குப் புரிந்தது. டாக்டருக்குப் போன் செய்தாள்.

டாக்டர் வருவதற்குள் அவள் ஒரு காரியம் செய்தாள். முக்காலியையும் துண்டையும் எடுத்துக்கொண்டுபோய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தாள். அந்தத் துண்டின் மேல் கொடுத்த வாக்கு அந்தத் துண்டோடு இருக்கட்டும், அதன் மேல் தலையை வைக்கச் சொல்லி ஏமாற்ற வேண்டாம் என்று நினைத்தாள். நல்லதென்று நினைத்துத்தான் செய்தாள்.

கழுத்தில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. கைக்கு எதுவும் மறக்கவில்லை. மாப்பிள்ளை உறுமவில்லை, கடிக்கவில்லை. கடித்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அது முக்காலி இருந்த பக்கம் பார்த்தது. அங்கே வெறும் தரை. இந்தப் பக்கம் பார்த்தது. பிடிக்குள் கழுத்து எவ்வளவு திரும்புமோ அவ்வளவும் திருப்பி, அறை முழுக்கக் கண்ணால் துழாவியது. வேண்டாம் என்று சொல்ல அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு இடம்தான். அந்த இடத்தை அவள் எடுத்து ஒளித்துவிட்டாள். புரிந்தபோது ஊசி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் விடவில்லை. உடம்பு தளர்ந்து கனத்த பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தாள். டாக்டர்தான் அவள் கையை எடுத்துவிட்டார்.

அவர் போன பிறகு குழாய்ச் சத்தம் நின்றது. டீச்சர் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"தலையைத் தூக்குனானாக்கா?"

இல்ல டீச்சர், தூங்கிட்டாரு என்று சொல்ல வேண்டும். இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து அந்தப் பொய்யைத் தயாராகத்தான் வைத்திருந்தாள். ஆனால் வாய் அவள் சொன்னபடி கேட்கவில்லை.

"துண்டைத் தேடுனாரு, டீச்சர்."