எக்ஸ்ரேயில் நான் போட்ட வட்டங்கள்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தோல் செக்கிங் என் வேலை. மேஜையில் விரித்த தோலில் கீறல், உண்ணிக்கடி, ஓட்டை எது தெரிந்தாலும் சில்வர் பேனாவால் வட்டம் போடுவேன். வட்டத்துக்குள் இருப்பது கழிவு.

ஐம்பது வயதில் எனக்குக் கழுத்து வலி வந்தது. சனிக்கிழமை எக்ஸ்ரே எடுத்தேன். டாக்டரிடம் காட்டும்வரை பொறுக்காமல் கவரைப் பிரித்தேன். ரிப்போர்ட்டில் எலும்புத் தேய்மானம் என்று இருந்தது. போனில் தேடினால், கைகால் விழுந்துவிடலாம் என்று போட்டிருந்தது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, எலும்பு கூராக நீண்ட இடத்தையெல்லாம் தேடித் தேடி, பழக்கதோஷத்தில் வட்டம் போட்டுவிட்டேன். ஐந்து வட்டங்கள்.

மனைவி பதறினாள். "இன்னாங்க, இவ்ளோ ஜாஸ்தியா கீது?"

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சட்டைக்குப் பட்டன் போடும்போதெல்லாம் விரல் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேலூரில் டாக்டரம்மா படத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருங்க இதுல வட்டம் போட்டது?"

"நான்தாம்மா."

அவர் சிரிக்கவில்லை. என் கைப்பிடி வலுவைச் சோதித்தார், நடக்கச் சொன்னார், முட்டியைத் தட்டிப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன்.

"நரம்பு நல்லா இருக்குது. வயசானா நிறைய பேருக்குக் கழுத்து இப்படித்தான் தெரியும், வலியே இல்லாதவங்களுக்கும். நீங்க நாள்பூரா குனிஞ்சு நிக்கிறீங்க, அதான் வலி. மேஜையை உசத்திக்கோங்க."

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. மாட்டுத் தோலிலும் கழுத்துப் பக்கம் வரிவரியாகச் சுருக்கம் இருக்கும். வயதுக்கோடுதானே என்று இருபது வருடமாக நான் அதற்கு வட்டம் போட்டதே இல்லை.